முதலில் செயின், பிறகு இன்ஜின்

நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் பழைய சிறிய டோசர் வாங்குகிறவர் பெரும்பாலும் இன்ஜினில்தான் தொடங்குவார். புகையின் நிறம் பார்ப்பார், ஆயில் மூடியைத் திறந்து ஆவி அடிக்கிறதா என்று கை வைப்பார். செய்ய வேண்டியதுதான். ஆனால் செயின் வண்டியின் விலையைத் தீர்மானிக்க வேண்டியது செயின், ஸ்புராக்கெட், ரோலர், ஐட்லர் சேர்ந்த அண்டர்கேரேஜ். பராமரிப்புச் செலவில் ஏறத்தாழப் பாதியை அது விழுங்கும். இன்ஜினே உயிர், அது போனால் வண்டி வெறும் இரும்பு என்பார்கள். லைனர், பிஸ்டன் மாற்றி அந்த உயிரை மீட்க மதுரையிலேயே ஆள் உண்டு. அண்டர்கேரேஜை முழுசாக மாற்ற நேர்ந்தாலோ வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு மறுபடியும் கைவிட்டுப் போகும்.

செயின் விறைப்பாக இருப்பதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரீஸ் கன்னால் நாலு அடி அடித்தால் ஐட்லர் முன்னே தள்ளப்பட்டு எந்தக் கிழட்டுச் செயினும் விறைத்து நிற்கும். ஐட்லர் சட்டத்தின் கடைசிவரை போய்விட்டதா என்று குனிந்து பார்த்தால் குட்டு வெளிப்படும். அடுத்தது டேப். ஸ்புராக்கெட் பல்லில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து வண்டியைப் பின்னுக்கு நகர்த்தினால் மேல்செயின் இழுபட்டு நிற்கும். மாஸ்டர் பின்னைத் தவிர்த்து நாலு லிங்கை அளக்க வேண்டும். புதிதில் லிங்க் 175 மி.மீ. என்றால் நாலுக்கு 700. டேப் 712 காட்டினால் லிங்குக்கு 3 மி.மீ. கூடியிருக்கிறது. இரும்பு நீளவில்லை, பின்னும் புஷ்ஷும் உள்ளே தேய்ந்திருக்கின்றன. பின்னையும் புஷ்ஷையும் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்பார் விற்கிறவர். பொய்யில்லை, தேயாத பக்கம் வேலைக்கு வரும். அது ஒருமுறைதான். புஷ்ஷின் இரு பக்கமும் தேய்ந்திருந்தால் அந்த வாய்ப்பை முந்தைய முதலாளி தின்று தீர்த்துவிட்டார்.

ஹவர் மீட்டர் குறைவாகக் காட்டுகிறதே என்று கேட்கலாம். மீட்டரை மாற்றலாம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். சரியான மீட்டரும் எந்த மண்ணில் ஓடியது என்று சொல்லாது. ஈரக் கரிசல் ஸ்புராக்கெட் பல்லிடுக்கில் அப்பி இறுகிச் செயினை அளவுக்கு மிஞ்சி இழுக்கும். ஆற்று மணல் உள்ளே புகுந்து பின்னை அரைக்கும். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது இந்த வறட்டுச் சீமையின் கண்மாய்களில் இயந்திரங்கள் இறங்கின. தூர் பிடுங்கிய வண்டியில் தேய்மானத்தைவிட அடிதான் அதிகம்: பிளேடு சட்டத்தில் புது வெல்டிங், நெளிந்த ரோலர் கார்டு, கசியும் ரோலர். புதுப் பெயின்ட் கண்ட இடத்தில் சுரண்டிப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது.

கடைசியாக, இன்ஜின் சூடேறியபின் இடமும் வலமும் நின்ற இடத்திலேயே திருப்பச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தயங்கினால் அந்தப் பக்க ஸ்டியரிங் கிளட்சோ பிரேக்கோ செலவு வைக்கும். ஃபைனல் டிரைவ் ஆயிலைக் கொஞ்சம் வடித்து விரலில் தேய்த்துப் பார்த்தால், இரும்புத் துகள் இருந்தால் நறநறக்கும். பிளக்கைத் திறக்க விடாதவரிடம் விலை பேசத் தேவையில்லை.