மண்ணுக்குள் ஒரு வில்லங்கம்

வீடு வாங்குகிறவனுக்கு இரண்டு கண் போதாது. தரைக்குக் கீழே பார்க்கிற மூன்றாவது கண் ஒன்றும் வேண்டும். 2009-ம் வருஷத்து ஐப்பசி மழையில் எனக்குக் கிடைத்த ஞானம் இது.

அந்த வருஷம் ஆனி மாதத்தில்தான் மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தோம். நான் காட்டிய ஜாக்கிரதையைக் கேட்டால் மெச்சுவீர்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன். மூலப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டினேன். சுவரைத் தட்டினேன், உத்தரத்தை அண்ணாந்து பார்த்தேன். என் மனைவி இதில் ஒன்றும் செய்யவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் ஐந்து நிமிஷம் நின்றாள். "இதையே வாங்கிடலாம்" என்றாள். வாங்கிவிட்டோம்.

ஐப்பசியில் ஒரு நாள் குளியலறைத் தண்ணீர் வெளியே போக மறுத்தது. மறுநாள், போன தண்ணீரும் திரும்பி வந்தது. பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சேம்பர் மூடியைத் திறந்து, மூங்கில் பிளாச்சை விட்டுக் குடைந்து, எதையோ பற்றி இழுத்தார். குதிரை வால் மாதிரி முழ நீளத்துக்கு ஒரு வேர்க்கொத்து வந்தது!

"பாழாய்ப் போன மரம் குழாயை உடைத்துவிட்டதே!" என்றேன்.

"மரத்தைத் திட்டாதீங்க சார். மொதல்ல குழாய் கசிஞ்சிருக்கு. அப்புறம்தான் வேர் வந்திருக்கு."

அவர் சொன்னது சரி. பழைய வீடுகளில் கழிவுநீருக்குச் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்திருப்பார்கள். சுமார் இரண்டடிக்கு ஓர் இணைப்பு. அதற்குச் சிமெண்டுப் பூச்சு. மண் இறங்கினால் பூச்சு விரியும், ஈரம் கசியும். தண்ணீர் தேடி அலைகிற மயிரிழை வேருக்கு அந்த விரிசல் போதும். உள்ளே தண்ணீர், காற்று, எரு மூன்றும் இலவசம். பிறகு வேர் பருத்து விரிசலை அகலமாக்கும். வெட்டினால் மறுபடி வளரும். மயில்துத்தம் கரைத்து ஊற்றினாலும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

போகிற போக்கில் பிளம்பர் சொன்னார்: "பழைய ஓனர் இருந்தப்பவே ரெண்டு தடவை நான் எடுத்திருக்கேன் சார்."

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருந்த அந்தப் பெரியவரைத் தேடிப் போனேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அது என் சம்சாரம் வெச்ச மரம். சொல்லியிருந்தா வீட்டை வாங்கியிருப்பீங்க, மரத்தை வெட்டியிருப்பீங்க" என்றார்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சூடான வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் மறைத்தது தப்புத்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் என்னைப் பற்றி அவர் போட்ட கணக்கு தப்பில்லையே!

தை மாதத்தில் மரத்தை விட்டு விலகிப் பள்ளம் தோண்டி, தெரு வரைக்கும் பி.வி.சி. குழாய் போட்டோம். கையிருப்பு கரைந்தது. மரம் நிற்கிறது. இப்போது யாராவது வீடு வாங்க யோசனை கேட்டால், வில்லங்கச் சான்றிதழோடு சேம்பர் மூடியையும் திறந்து பார்க்கச் சொல்கிறேன். நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் தெரிந்துவிடும். மரம் பக்கத்தில் இருந்தால் குழாய்க்குள் காமிராவை விட்டுப் பார்க்கிறவர்களையும் அழைப்பது நல்லது.

அடுத்த சித்திரைப் பிறப்பன்று என் மனைவி ஒரு பொட்டலம் வேப்பம்பூவை என் கையில் கொடுத்தாள். "நங்கநல்லூர்ப் பெரியவருக்குப் பச்சடிக்கு ஆகும், கொடுத்துவிட்டு வாருங்கள்" என்றாள்.

போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.