விலாசம் கேட்பவர்கள்

அப்பா குறிஞ்சிப்பாடியில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நெசவாளர் தெருக்களில் ஒரே பெயரில் நாலைந்து பேராவது இருப்பார்கள். 'இன்னார், லுங்கி வியாபாரம், குறிஞ்சிப்பாடி' என்று மட்டும் எழுதி வரும் உறையையும் அவர் சரியான வீட்டில் சேர்த்துவிடுவார். இணையத்தில் டி.என்.எஸ். சர்வர்கள் செய்யும் வேலையை விளக்க நேரும்போதெல்லாம் நான் அப்பாவைத்தான் உதாரணம் காட்டுவேன். நாம் பெயரைத் தட்டுகிறோம். அவை அதற்குரிய எண்ணைச் சொல்கின்றன.

2016 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் டி.என்.எஸ். சர்வர்கள் மீது பொய்க் கேள்விகள் வெள்ளமாக வந்து விழுந்தன. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தத்தம் இடத்தில் நலமாகவே இருந்தன. விலாசம் சொல்ல ஆளில்லாததால் அமெரிக்காவில் பலருக்கு அவை மணிக்கணக்கில் இல்லாமல் போயின. பதில் கிடைக்காத நேர்மையான கணினிகளும் திரும்பத் திரும்பக் கேட்டுச் சுமையைக் கூட்டின. பொய்யையும் மெய்யையும் பிரிப்பதே பெரும்பாடாயிற்று.

காவல் முறைகள் இல்லாமலில்லை. 2002-இல், இதே அக்டோபர் 21 அன்று, இணையத்தின் 13 மூல சர்வர்களும் தாக்கப்பட்டன. அதன் பின்னர் ஒரே எண்ணைப் பல ஊர்களிலிருந்து அறிவிக்கும் 'எனிகாஸ்ட்' முறை வெகுவாகப் பரவியது. சென்னையிலும் ஒரு மூல சர்வரின் பிரதி உண்டு. ஒரு வட்டாரத்து வெள்ளம் அந்த வட்டாரத்து மடையோடு நின்றுவிடும். பெயர்களை இரண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்து வைப்பது இன்னொரு வழி. டைனை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அன்று கைபிசைந்து நின்றார்கள்.

ஆனால் கேள்விகள் புறப்பட்ட இடம்? மிராய் என்ற நிரல் பிடித்து வைத்திருந்தவை வீட்டுக் கேமராக்களும் ரௌட்டர்களும். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாதவர்களின் பொருட்கள். அறுபது சொச்சம் சொற்ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியலே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மா போன பிறகு அப்பா தனியே இருந்தார். சென்னையிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளத் திண்ணைக்கு மேல் மலிவான கேமரா ஒன்றை நான்தான் பொருத்தியிருந்தேன்; அதற்காக ரௌட்டரில் ஒரு வாசலையும் திறந்து விட்டிருந்தேன். பயனர் பெயர் 'அட்மின்'; கடவுச்சொல்லும் 'அட்மின்'. கணினியே பிழைப்பாக இருப்பவன்!

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். மிராய் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே குடியிருப்பது. மின்சாரம் நின்றால் தடயமின்றிப் போய்விடும். எங்கள் ஊரில் மின்வெட்டுக்கா பஞ்சம்? எங்கள் திண்ணையும் அன்று பொய்க் கேள்வி கேட்டதா என்பது எனக்கு என்றைக்குமே தெரியப்போவதில்லை.

ஏணியில் நின்றபடியே அப்பாவிடம் சொன்னேன்.

"நம்ம வூட்லேர்ந்தா போயிருக்கும்?"

"இருக்கலாம்ப்பா."

வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அப்ப நான் எந்திரிக்கறது, ஒக்காறதெல்லாம் அவனும் பாத்திருப்பானா?"

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. புதிய கடவுச்சொல்லை ஒரு துண்டுச்சீட்டில் எழ்தி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கேமராவைக் கழற்றிவிடச் சொன்னார்.