தாத்தா நகரலை, எல்லைதான் நகர்ந்துச்சு

போன ராஜ்யோத்சவத்துக்கு இங்கே சிட்னியில் கன்னட நண்பர் வீட்டில் சாப்பாடு. பிசிபேளேபாத் பரிமாறும்போது ஒருத்தர் கேட்டார், "நீங்க தமிழா, கன்னடமா? ஒண்ணைச் சொல்லுங்க சார்." சிரிச்சு மழுப்பிட்டேன்.

எங்க ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போற வழி. 1956 அக்டோபர் 31 வரைக்கும் கொள்ளேகால் தாலுகா கோயமுத்தூர் ஜில்லா. மறுநாள் விடிஞ்சா மைசூர் ராஜ்யம். தாத்தா அதே திண்ணையில்தான் வெத்தலை போட்டுக்கிட்டு இருந்தார் :-)

1991 டிசம்பரில் நான் எட்டாவது. தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி விடணும்னு வந்த காவிரி இடைக்கால உத்தரவை வெச்சு பெங்களூரில் கலவரம் ஆரம்பிச்சு மைசூர் ஜில்லா வரைக்கும் பரவுச்சு. பக்கத்து வீட்டு அஜ்ஜி எங்க எல்லாரையும் உள்ளே வெச்சுப் பூட்டிட்டு, வாசலில் அவங்க உட்கார்ந்துக்கிட்டாங்க. கோஷம் போட்டு வந்தவங்க கையில் இருந்ததும் அதே மஞ்சள் சிவப்புக் கொடிதான், அஜ்ஜி வீட்டுச் சுவரில் இருந்ததும் அதேதான்.

அஜ்ஜியோட கன்னடப் பற்றில் குறை சொல்லவே முடியாது. ராஜ்குமார்னா உயிர். (அந்த ராஜ்குமாரோட சொந்த ஊர் காஜனூர் இன்னிக்குத் தமிழ்நாட்டில்! இதைச் சொன்னா இரண்டு பக்கமும் முறைப்பாங்க.) அந்தப் பற்றுக்கு ஒரு எதிரி தேவைப்படலை. வெளியே நின்ன கூட்டத்துக்குத் தேவைப்பட்டுச்சு. நம்ம ஆட்களும் யோக்கியம் இல்லை, அப்போ தமிழ்நாட்டிலும் கன்னடர்களைத் தாக்கினாங்க.

அஜ்ஜிக்கு இப்போ கண் சரியாத் தெரியலையாம். எங்க வாசல் கேட் சத்தம் கேட்டா, "யாரு, சாப்டாச்சா?"ன்னு தமிழில்தான் கேக்கறாங்களாம். அம்மா கன்னடத்தில் பதில் சொல்றாங்க.