பத்து வயதில் ஒரு தீர்ப்பு

மியூனிக், மே மாதம்

மேல் வீட்டுத் தேனிக்காரர் குடும்பத்தில் இந்த வாரம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். அதில் 2.66 என்று ஓர் எண். “அண்ணா, இவ்வளவுதானா இவ?” என்று அந்தப் பெண்ணின் அம்மா என்னிடம் கேட்டார். பத்து வயதுப் பிள்ளையைப் பற்றி ஒரு தாய் கேட்கிற கேள்வியா அது? அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

ஜெர்மனியில் பள்ளிக்கல்வி அந்தந்த மாநிலத்தின் கையில். பெர்லினில் ஆறாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஒன்றாகவே படிக்கிறார்கள். நாங்கள் இருக்கும் பவேரியாவில் நாலாம் வகுப்போடு பிரித்துவிடுகிறார்கள். எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். மேலோட்டமாகச் சொன்னால் இதன் கடுமை புரியாது.

மதிப்பெண் இங்கே ஒன்று முதல் ஆறு வரை. ஒன்று என்றால் மிக நன்று. ஆறு என்றால் ஒன்றுமில்லை. நாலாம் வகுப்பில் மே மாதம் பிறந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மன், கணக்கு, நம் சூழ்நிலையியல் போன்ற ஒரு பாடம், இந்த மூன்றிலும் வாங்கிய எண்களைக் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். 2.33-க்குள் வந்தால் கிம்னாசியம். பதின்மூன்றாம் வகுப்பு வரை போய், அங்கிருந்து நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிற பள்ளி அது. 2.66 வரை என்றால் பத்தாம் வகுப்போடு முடிகிற ரியால்ஷூல. அதையும் தாண்டினால் மிட்டல்ஷூல. அங்கே படிக்கிறவர்களில் நிறையப் பேர் தொழில் பயிற்சிக்குப் போவார்கள். எண் போதாதவர்கள் விரும்பிய பள்ளியில் மூன்று நாள் சோதனை வகுப்பில் உட்காரலாம். ஜெர்மன், கணக்கு இரண்டில் ஒன்றில் மூன்றும் மற்றதில் நாலும் வாங்கினால் சேர்த்துக்கொள்வார்கள். இரண்டிலும் நாலு என்றால் முடிவு பெற்றோருக்கு. வேறு தாய்மொழிப் பிள்ளைகளுக்கு 3.33 வரை சலுகை உண்டு. ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கே படித்திருந்தால் அந்தச் சலுகை கிடையாது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பெண் என்று யாரும் இரக்கம் காட்ட வழியில்லை.

ஓவியம், இசை, விளையாட்டு, கைவேலை எல்லாம் பள்ளியில் உண்டு. அவற்றுக்கும் எண் போடுகிறார்கள். கூட்டும்போது மட்டும் அவற்றைச் சேர்ப்பதில்லை.

மேல் வீட்டுப் பெண்ணுக்கு ஜெர்மனில் மூன்று, கணக்கில் மூன்று, மற்றதில் இரண்டு. ஒரே ஒரு பாடத்தில் ஒரு படி ஏறியிருந்தால் 2.33 வந்திருக்கும். அந்த ஒரு படிக்காக அந்த வீட்டில் இத்தனை கண்ணீர்.

இதே நாலாம் வகுப்பில் போலீஸ்காரர்கள் மேற்பார்வையில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் தேர்வும் நடக்கும். கை காட்டித் திரும்ப வேண்டும், வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். அதற்கு முன்னால் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளின் சைக்கிள்களை எல்லாம் கீழறையில் வரிசையாக நிறுத்தி, பிரேக் பிடிக்கிறதா, செயின் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தவள் இந்தப் பெண்தான். கியர் மாறும்போது செயின் பல் தாவுகிற சத்தத்தை வைத்தே எந்தத் திருகை எவ்வளவு திருப்பணும் என்று எனக்குச் சொன்னாள். “மாமா, கேளுங்க, இப்ப சத்தம் மாறிடுச்சு பாருங்க” என்றாள். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் தொடங்கிய அம்பத்தூருக்கு மூன்று ஸ்டேஷன் தள்ளி வளர்ந்தவன் நான். லேத்திலும் ஃபிட்டிங்கிலும் கை ஊறிய மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்த எவனுக்கும் அந்தக் காது எவ்வளவு பெரிய சொத்து என்று தெரியும். 2.66-க்குள் அது எங்கே இருக்கிறது?

இங்குள்ள பள்ளிகளுக்குப் பிள்ளையைக் கேட்கத் தெரியாது என்று சொல்லவில்லை. முதல் மூன்று வகுப்புகளில் பல பள்ளிகள் அரையாண்டு அறிக்கைக்குப் பதிலாக ஓர் உரையாடல் வைக்கின்றன. உனக்கு எது எளிதாக இருக்கிறது, எதில் உதவி வேண்டும் என்று ஆசிரியர் பிள்ளையையே கேட்பார். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அருமையான வழக்கம், நம் ஊருக்கும் வர வேண்டிய வழக்கம். மூன்று வருஷம் இப்படி உட்காரவைத்துக் கேட்டவர்கள், நாலாம் வருஷம் ஒரு வகுத்தல் கணக்கிடம் முடிவைக் கொடுத்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

ஆவடியில் எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார் இந்த நேரத்தில் நினைவுக்கு வராமல் இருப்பாரா? 1961-ல் வந்த டாங்க் ஃபேக்டரியும் ஓ.சி.எஃப். என்கிற ராணுவ உடுப்புத் தொழிற்சாலையும் சேர்ந்து உண்டாக்கிய ஊர் எங்களுடையது. வகுப்பில் ஃபிட்டர் மகன், தையல் பிரிவுக்காரர் மகள், சி.ஆர்.பி.எஃப். குவார்ட்டர்ஸ் இந்திக்காரப் பையன், பருத்திப்பட்டிலிருந்து வருகிற விவசாயி பிள்ளை என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்போம். அதில் கொத்தனார் மகன் ஒருவன். கணக்கில் இருபதைத் தாண்டியதே இல்லை. விளையாட்டு விழாவுக்குக் கபடிக் களம் போட சார் அவனைத்தான் அனுப்பினார். சுண்ணாம்பு டப்பாவோடு போனவன், கயிற்றில் மூன்றடி, நாலடி, ஐந்தடி அளந்து முடிச்சுப் போட்டு, அப்பாவிடம் பார்த்தபடியே மூலைமட்டம் பிடித்து, நாலு மூலையும் பிசகாமல் கோடு போட்டுவிட்டான்.

மறுநாள் பிதாகரஸ் தேற்றம். சார் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. அவனைக் கயிற்றோடு முன்னால் நிறுத்தி, “நேத்து என்னடா செஞ்ச, சொல்லு” என்றார். அவன் சொல்லச் சொல்ல, மூன்றின் வர்க்கம், நாலின் வர்க்கம் என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். அந்த வருஷம் அவன் கணக்கில் பாஸ். பிறகு அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படித்து, அங்குள்ள இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் நல்ல பேர் எடுத்தான். சார் ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி சொல்வாராம்: “பையனுக்கு என்ன வரலைன்னு ஊரே சொல்லும். என்ன வருதுன்னு பார்த்துச் சொல்லத்தான் நமக்குச் சம்பளம்.”

அவருடைய கல்விக் கொள்கை முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. பிள்ளையின் திறமை விடைத்தாளில் வந்து நிற்கும் என்று அவர் காத்திருக்கவில்லை. அது வெளிப்படுகிற இடத்துக்குப் பிள்ளையை அனுப்பிவைத்தார். அனுப்பிவிட்டு, பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்ததைப் பாடத்துக்குள் கொண்டுவந்தார். மூன்றாவதுதான் பெரிய விஷயம். “உனக்குக் கைவேலை வருது, நீ அந்தப் பக்கம் போ” என்று அவனைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடவில்லை. அந்தக் கைவேலையைக் கொண்டே கணக்குக்குள் அழைத்துவந்தார்.

ஒரு தனி மனிதரின் நல்ல குணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதையே ஒரு முறையாகச் செய்து பார்த்த மாநிலம் நம்முடையது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அதற்கு முன்மாதிரி. 2007-ல் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. எங்கள் பக்கத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பள்ளிகளிலும் பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. பாடம் முழுவதும் சின்னச் சின்னப் படிகளாகி, ஏணிப்படி அட்டவணையாகச் சுவரில் ஏறியது. பிள்ளை தன் படிக்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, அதில் இருக்கும் படத்துக்குரிய குழுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். சில குழுக்களில் டீச்சர் கூட இருப்பார், சிலவற்றில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள், சிலவற்றில் தானே செய்ய வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஒரு துண்டுக் கரும்பலகை. கட்டட வேலைக்காக அப்பா அம்மாவோடு வெளியூர் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வருகிற பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரலாம்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, டீச்சர்களுக்கு வேலை கூடியது, “பாடமே நடத்தறதில்ல” என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒன்று நடந்தது: நாற்காலியில் இருந்த டீச்சர் பாயில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையின் கண் மட்டத்துக்கு இறங்கியவருக்குத்தான் அதன் விரல் என்ன செய்கிறது, எங்கே தயங்குகிறது, எதில் குதூகலிக்கிறது என்று தெரியும். கொரோனாவுக்குப் பிறகு, 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டதும் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். பவேரியாவிலும் பிரிக்கிறார்கள், நம் ஊரிலும் பிரிக்கிறார்களே என்று கேட்பீர்கள். இன்று அரும்பில் இருக்கிற பிள்ளை நாளை மொட்டில் இருக்கும், அதே வகுப்பில், அதே டீச்சரிடம். பள்ளியை மாற்றி, நண்பர்களை மாற்றி, வேறு வாசலுக்கு அனுப்புவதும் அதுவும் ஒன்றா?

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிரங்க் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து மாணவர்கள் வரிசையாக நடந்து போவார்கள். அங்கே வேலை பார்க்கும் ஆசிரியருக்கு முதல் நாளே இந்தத் தத்துவம் பிடிபட்டுவிடும். இல்லாததைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தால் அந்த வகுப்பில் ஒரு பாடமும் நடக்காது. விரல் நுனியில் பிரெய்ல், மணிச்சட்டத்தில் கணக்கு, காதில் முழுப் பாடம், உள்ளே மணி கலகலக்கும் பந்தில் கிரிக்கெட் என்று இருப்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண் உள்ள பிள்ளைகளின் பள்ளிகளும் இப்படித் தொடங்கினால் என்ன?

ஊரை விட்டு வந்த பிறகு எதற்கெடுத்தாலும் ஊர்ப் பெருமையா என்று நினைக்காதீர்கள். 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது எங்கள் ஆவடியில். அப்போது முதலமைச்சர் காமராசர். அடுத்து வந்த வருஷங்களில் ஊருக்கு ஊர் பள்ளியும் மதியச் சோறும் கொடுத்து, எந்த வீட்டுப் பிள்ளைக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் எல்லோரையும் உள்ளே விட்டார். அந்தப் பள்ளிகளில் படித்தவர்களின் பிள்ளைகள்தான் நாங்கள். பத்து வயதில் எங்களை யாராவது மூன்றால் வகுத்திருந்தால், இன்று இந்த ஊர் அலுவலகங்களில் பாதித் தமிழர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

உள்ளே விட்டால் மட்டும் போதாது, தனியாகக் கவனிக்கவும் ஒருவர் வேண்டும். வெளியகரம் அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியர் பகவானை 2018 ஜூனில் இடமாற்றம் செய்தபோது, பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுது அவரைப் போகவிடாமல் தடுத்தார்கள். அந்தப் படம் நாடெங்கும் பரவியது. பாடத்தோடு கதை சொல்வார், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு நிலவரமும் அவருக்குத் தெரியும் என்பதுதான் அப்போது எல்லோரும் சொன்ன செய்தி. அதுவும் எங்கள் மாவட்டம்தான். தன்னை ஒருவர் தனியாகக் கவனித்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால் அந்தக் கவனிப்பை அது லேசில் விட்டுக்கொடுக்காது.

என் அலுவலக நண்பர் ஒருவர், ஜெர்மன்காரர், “ரியால்ஷூலயிலிருந்தும் மேலே போக வழி இருக்கிறதே” என்கிறார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழி முதலில் ஒரு பிள்ளையை “நீ இரண்டாவது” என்று நம்பவைத்துவிட்டுத்தான் திறக்கிறது. அப்படி நம்பின பிள்ளைக்கு எத்தனை வழி இருந்தும் என்ன?

நம் ஊரில் ஃபர்ஸ்ட் குரூப் பைத்தியமும் நாமக்கல் பாணி விடுதிப் பள்ளிகளும் இருப்பதை எனக்கு யாரும் நினைவூட்ட வேண்டாம். ஆனால் சரியான திசையில் சில அடிகள் வைத்திருக்கிறோம். 2017-ல் பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினோம். 2022-ல் மாணவர் திறன் வளர்க்கும் நான் முதல்வன் திட்டம் வந்தது. அதே வருஷம் அரசுப் பள்ளிக் கலைத் திருவிழாவில் பறையும் பலகுரலும் களிமண் சிற்பமும் மேடை ஏறின. திட்டங்கள் பிள்ளையை மேடை வரை கொண்டுவரும். மேடையில் பார்த்ததை வகுப்பறைக்குள் கொண்டுவர எங்கள் சார் மாதிரி ஒருவர் வேண்டும். அவரைப் பதிவேடுகளிலும் புள்ளிவிவரம் ஏற்றுவதிலும் புதைத்துவிட்டு, தனித்திறமையை வளர்க்கிறோம் என்று சொல்வது பொருந்தாது. ஆசிரியருக்குப் பார்க்க நேரம் கொடுங்கள் என்பதுதான் நான் இங்கிருந்து கேட்பது.

அடுத்த மாதம் அங்கே பள்ளி திறக்கும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற அப்பா அம்மாக்கள் வழக்கமாக, “எதுல வீக்கா இருக்கான் டீச்சர்?” என்று கேட்கிறார்கள். இந்த வருஷம் கேள்வியை மாற்றுங்கள். “என் பிள்ளைக்கு என்ன நல்லா வருது டீச்சர்?” என்று கேளுங்கள். முதல் கூட்டத்தில் பதில் வராமல் போகலாம். இரண்டாம் முறையும் கேளுங்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் பிள்ளையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.