ஒரு தட்டுக்குள் நான்கு மாத்திரை



மாடுலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியைப் பழகிவரும் முன்னாள் மாணவர் ஒருவர் அண்மையில் அதை எனக்கு இயக்கிக் காட்டினார். அதன் ஒரு பகுதி கடிகாரம்போல் சீராகத் துடிப்புகளை அனுப்புகிறது. மற்றொரு பகுதி ஒவ்வொரு துடிப்பையும் மூன்றாக, நான்காக, ஐந்தாகப் பிரித்துப் படபடவென்று ஒலிக்கச் செய்கிறது. கேட்டவுடன் தகிட, தகதிமி, தகதகிட என்று என் வாய் முணுமுணுத்தது. திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம் என்று நம் தாள மரபு சொல்வது இதைத்தானே! சிராங்கூன் சாலை ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலில் தவில் முழங்கும்போது நம் பிள்ளைகளும் இதைக் கேட்கின்றனர்.

மின்னிசையும் நம் நாட்டுத் தாளமும் சந்தித்தது இன்று நேற்று நடந்ததன்று. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் மாடுலர் கருவியைக் கொண்டு ஒரு மின்னிசைக்கூடம் அமைத்தார். அங்கு இசையமைத்தவர்களுள் ஒருவரான கீதா சாராபாய், பக்கவாஜ் என்னும் முழவைப் பயின்றவர்.

வகுப்பறைக்கு இதனால் என்ன பயன்? வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகள் பலருக்குக் குறில் நெடில் வேறுபாடு காதில் விழுவதில்லை. ‘படம்’ ‘பாடம்’ ஆகிறது. ‘கல்’ ‘கால்’ ஆகிறது. பொருளே மாறிவிடுகிறது. ஆகவே, கையால் சீராகத் தாளமிட்டு ஒரு தட்டுக்குள் ‘தகதிமி’ சொல்லச் செய்கிறேன்; அடுத்த தட்டுக்குள் ‘தாகிட’. முன்னதில் நான்கு எழுத்து, பின்னதில் மூன்று. இரண்டிற்கும் மாத்திரை நான்கே. ‘தா’ இரு குறில்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைப் பிள்ளை தன் நாவிலேயே உணர்கிறது. அதன்பின் இலக்கண விதியைச் சொன்னால் எளிதில் பதிகிறது.

இதற்குக் கருவி எதுவும் வேண்டா. இரவு உணவு மேசையில் இரண்டு நிமிடம் போதும். முயன்று பாருங்கள்.