பூம்பாறைக் குளிரும் ஒரு கரி அடுப்பும்

மதுரைக்காரனுக்குக் குளிர் என்றால் என்ன தெரியும்? மார்கழியில் ஃபேனை ரெண்டாம் நம்பரில் வைத்துவிட்டு "யப்பா, என்னா குளிரு!" என்று போர்த்திக்கொள்வதுதான் எங்கள் ஊர்க் குளிர். அதனால்தான் செமஸ்டர் லீவில் நாங்கள் நாலு பேர் கொடைக்கானல் பக்கம் கிளம்பினோம்.

கொடைக்கானலுக்குள் தங்க வேண்டாம், கூட்டம் அலைமோதும் என்று பூம்பாறையைத் தேர்ந்தெடுத்தோம். கொடையிலிருந்து 20 கிலோமீட்டர் பக்கம் வரும். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்குக் காரில் போவதற்கு இ-பாஸ் வாங்க வேண்டும் என்று உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்களிடம் ஏது கார்? வத்தலக்குண்டு வழியாக அரசு பஸ், அப்புறம் இன்னொரு பஸ்.

பூம்பாறையைத் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் நண்பர்களே! படிப்படியாக இறங்கும் வயல்கள், நடுவில் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோவில். ஊரே பூண்டு வாசம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் பக்கத்து வயல்களில்தான் விளைகிறது.

காட்டேஜ் சின்னதுதான். ரெண்டு ரூம், ஒரு வராண்டா. வாட்ச்மேன் தாத்தா சுடச்சுட ரசமும் சோறும் முட்டைப் பொரியலும் கொடுத்தார். வாயைத் திறந்தால் புகை வந்தது. சிகரெட் பிடிக்கிற மாதிரி ஆளாளுக்கு ஊதி ஊதி போட்டோ எடுத்தோம். வராண்டாவில் கரி அடுப்பு வைத்து மக்காச்சோளம் சுட்டோம். சொர்க்கம்!

எட்டரை மணிக்குக் குளிர் தாங்கவில்லை. "மாப்ள, அடுப்ப உள்ள தூக்கிட்டுப் போயிருவோம்டா" என்றேன். ஆமாம், சொன்னது நான்தான். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் பேப்பரைத் திணித்து, நாலு பேரும் அடுப்பைச் சுற்றிக் கம்பளிக்குள் உட்கார்ந்து பேய்க்கதை பேசினோம். கரி செக்கச்செவேல் என்று கனன்றது. புகையே இல்லை. அதனால் பயமும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றியதுதான் காரணம் என்று நினைத்தேன். ஒருத்தன் வாந்தி வருகிறது என்றான், வத்தலக்குண்டு பரோட்டாவைத் திட்டினோம். இன்னொருத்தன் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டான். பேய்க்கதை கேட்டுக்கொண்டே தூங்குகிறான் என்று சிரித்தோம்.

வெந்நீர் கொடுக்க வந்த தாத்தா கதவைத் தள்ளினார். அவ்வளவுதான்.

"அடப் பாவிப் பயலுகளா! சாகவாடா வந்தீக?"

துண்டைச் சுற்றி அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தார். எல்லா ஜன்னலையும் திறந்தார். தூங்கியவனைக் கன்னத்தில் தட்டி எழுப்பி, இழுத்து வராண்டாவில் உட்கார வைத்தார். நல்லவேளை, அவன் கண் முழித்தான். ஒரு மணி நேரம் அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், யாரும் பேசவில்லை. தாத்தாதான் சொன்னார்: "என்கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் இப்பிடித்தேன் படுத்தான் தம்பி. எந்திரிக்கல."

ஊருக்கு வந்து படித்த பிறகுதான் புரிந்தது. மூடிய அறையில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, தூக்கம் எல்லாம் அதன் அறிகுறிகள்தான். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் ஹீமோகுளோபின் பற்றி நான் பத்து மார்க் எழுதியவன்! தெரிந்து என்ன புண்ணியம்? இப்படி நடந்தால் வெளிக்காற்றுக்கு வந்ததோடு விடாமல் டாக்டரிடமும் போக வேண்டுமாம். நாங்கள் போகவில்லை, அதுவும் தப்புதான்.

மறுநாள் விடிகாலை தாத்தா எழுப்பினார். பள்ளத்துப் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளை வெளேர்! உறைபனி. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்கும், அதனால் மேட்டை விடப் பள்ளத்தில் பனி அதிகம். அந்தப் பனியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சில அம்மாக்கள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நமக்குப் போட்டோ, அவர்களுக்குப் பொழப்பு.

குளிருக்கு ரெண்டு கம்பளி, காலுக்கு சாக்ஸ், பாட்டிலில் வெந்நீர் போதும் நண்பர்களே. அடுப்பு வெளியிலேயே இருக்கட்டும்.

கிளம்பும்போது தாத்தாவிடம் பணம் நீட்டினோம், வாங்கவில்லை. "வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட சொல்லுங்க" என்றார். நான் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அம்மாவுக்குத் தெரிய வேண்டும். அம்மா, ஸாரி!