ஆடாத வீடியோவும் ஆடுகிற ரோட்டும்



"சேர், காரில போனைப் பூட்டி ரோட்டை எடுத்தா ஒரே ஆட்டமா வருது. ஆடாம எடுக்க என்ன செய்யிற?" என்று தம்பிமார் சிலர் இன்பொக்ஸில் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கல்முனையில் இருந்து நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, கிட்டங்கி தாண்டி சொறிக்கல்முனைக்குப் போகும் பாதையை நான் பல தடவை இப்படி எடுத்திருக்கிறேன். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்ம பிள்ளைகளுக்கு ஊர் ரோட்டைப் பார்ப்பதில் ஒரு ஆசை. அவர்களுக்காகத்தான் தொடங்கினேன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். காரில் இரண்டு விதமான ஆட்டம் இருக்கிறது. ஒன்று, எஞ்சினில் இருந்து வரும் நடுக்கம். அது மீடிறன் கூடியது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மற்றது, பள்ளத்தில் விழுந்து எழும்பும் பெரிய தூக்கல். நடுக்கத்தைப் பூட்டும் விதத்தால் குறைக்கலாம். தூக்கலைப் போனுக்குள் இருக்கிற ஸ்டெபிலைசேஷன் பார்த்துக்கொள்ளும்.

பூட்டுவதற்கு நீளக் கழுத்து ஸ்டாண்ட் வாங்காதீர்கள். அது தூண்டில் கம்பு மாதிரி, அடியில் சின்ன அசைவு, நுனியில் பெரிய அசைவு. கட்டைக் கழுத்து ஸ்டாண்டை, துடைத்துச் சுத்தமாக்கிய கண்ணாடியில், கீழே டேஷ்போட்டை ஒட்டினாற்போல் பதியுங்கள். சின்னத் துணிப் பையில் மணல் நிரப்பி, போனின் அடி அதில் அழுந்தி இருக்கும்படி வையுங்கள். பாரமான மணல் நடுக்கத்தை வாங்கிக்கொள்ளும். ஓ.எல். விஞ்ஞானத்தில் நாம் படித்த அதே சடத்துவம்தான். ஓட்டுபவரின் பார்வையை மட்டும் மறைக்கக் கூடாது.

வைட் லென்சில் எடுங்கள், ஆட்டம் குறைவாகத் தெரியும். போகஸைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் இருக்கிற தூசியைத் தேடிக்கொண்டு நிற்கும். வேகம் 30 கிலோமீற்றரைத் தாண்ட வேண்டாம். வெளிச்சம் முக்கியம். மங்கலில் எடுத்தால் ஒவ்வொரு படமும் கலங்கியே பதியும், பிறகு எந்த ஸ்டெபிலைசேஷனும் அதைத் தெளிவாக்காது. சொறிக்கல்முனைப் பக்கம் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினால் இரண்டு தடவையும் சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும்.

மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் போனைப் பூட்டுகிற தம்பிமார் கவனம். வலுவான எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கெமராவின் செயற்பாட்டைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. லென்ஸை அசைத்துப் படத்தை நிலைப்படுத்தும் நுண்ணிய பாகங்கள்தான் அதில் பாதிக்கப்படுகின்றன.

இப்போது நான் சொல்ல வந்த விசயம்.

ஒரு வீடியோவுக்குக் கீழே வெளிநாட்டில் இருக்கிற மச்சான் ஒருவர், "ரோட்டு காபட் மாதிரி இருக்கே, பிறகேன் குறை சொல்றீங்க?" என்று எழுதியிருந்தார். அவரில் பிழையில்லை. பள்ளத்தில் கார் விழும்போது போன் அந்த அசைவை அளந்து, படத்தை எதிர்ப்பக்கம் நகர்த்தி, விளிம்புகளை வெட்டி, விழுந்ததே தெரியாமல் ஆக்கிவிடுகிறது. அதாவது, பார்க்க அழகான வீடியோவில் நம்ம முள்ளந்தண்டு பட்ட பாடு இல்லை.

போன் வீசி எறிகிற அந்த அசைவைத்தான் வீதிப் பொறியியலாளர்கள் தேடி அளக்கிறார்கள். உலக வங்கி 1982இல் பிரேசிலில் நடத்திய பரிசோதனையில் இருந்து வீதியின் கரடுமுரடுக்கு ஒரு சர்வதேச அளவு உருவானது. கார் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது அதன் சஸ்பென்ஷன் மேலும் கீழுமாக மொத்தம் எத்தனை மீற்றர் அசைகிறது என்பதே அந்தக் கணக்கு. ஆட்டம்தான் அங்கே சாட்சி.

ஆகவே இரண்டு வீடியோ எடுங்கள். பிள்ளைகளுக்கு அனுப்ப ஆடாத ஒன்று. அதிகாரிகளுக்குக் காட்ட, ஸ்டெபிலைசேஷனை நிறுத்திவிட்டு, ஆனால் போனை இறுக்கமாகப் பூட்டி எடுத்த ஒன்று. கையில் பிடித்து எடுத்தால் கை ஆடியதா, ரோட்டு ஆட்டியதா என்று யாருக்கும் தெரியாது. பொனட்டின் விளிம்பும் படத்துக்குள் வரட்டும். தொடக்கத்தில் திகதியையும் இடத்தையும் வாயால் சொல்லுங்கள். நடுவில் வெட்டாதீர்கள். பெரிய பள்ளத்தில் இறங்கி, அளவுநாடாவை வைத்துக் காட்டுங்கள்.

தாம்போதிகளில் கெமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள். ரோட்டின் விளிம்பு எங்கே முடிகிறது, எங்கே அரித்திருக்கிறது, எங்கே தடுப்பில்லை என்பது பதிய வேண்டும். மாரியில் கிட்டங்கியை வெள்ளம் மேவினால் அந்த விளிம்பை யாராலும் பார்க்க முடியாது. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகள் வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அல்லாஹ் அந்தப் பிள்ளைகளைப் பொருந்திக்கொள்வானாக. கிட்டங்கியைக் கடந்து வேலைக்கும் படிப்புக்கும் போய்வருகிறவர்கள், தமிழரும் முஸ்லிம்களும், இந்த மாரியிலும் போகத்தான் போகிறார்கள். தண்ணி வந்த பிறகு எடுக்கப் போகாதீர்கள். காய்ந்த ரோட்டில் எடுத்தால்தான் திருத்த நாள் இருக்கும்.

வீரத்திடல், சவளக்கடை, அன்னமலைப் பக்கம் வாகனம் ஓடுகிற காக்காமார், தம்பிமார் மாரி பிறக்க முன்னர் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக் கொமெண்டில் போடுங்கள். இடமும் திகதியும் எழுத மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, ஒரே கோவையாகப் பொறுப்பானவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.